காட்சி, கருதல், உரை: ஓர் எண் எழுப்பும் அறவினா

ஒன்றை ‘நான் அறிவேன்’ என்று கூறும் உரிமை ஒருவனுக்கு எப்பொழுது பிறக்கின்றது? மெய்யியல் பயில்வார்க்கு இவ்வினா புதியதன்று. ஆயின், இதற்கு உதாரணங் காட்டப் புகுவோர் பெரும்பாலும் கயிற்றைப் பாம்பென மயங்குவதையும், மலைமேற் புகை கண்டு ஆங்கு நெருப்புண்டென உய்த்துணர்வதையுமே எடுத்தாளுவர். இக்கட்டுரை அவற்றை விடுத்து ஓர் எண்ணை உதாரணமாகக் கொள்கின்றது. கலைப்பீட மாணவனொருவன் எண்ணைப் பற்றி எழுதப் புகுதல் எல்லை மீறலாகத் தோன்றலாம். எனினும், அறிவின் இயல்பு பற்றியும் அறிவுடையோரின் கடமை பற்றியும் அவ்வெண் கற்பிக்கும் பாடம் எல்லாப் பீடத்தார்க்கும் பொதுவானது என்பதே என் துணிபு.

அவ்வெண் இதுதான்: 147573952589676412927. இரண்டின் 67 ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கிடைப்பது இது. இருபத்தொரு இலக்கங்களை உடையது. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என இரட்டித்துக்கொண்டே போக வேண்டுமெனப் பரிசு கேட்டவனின் கதையை யாவரும் அறிவோம். அறுபத்துநான்கு கட்டங்களும் நிரம்பிய அத்தகைய பலகைகள் எட்டினையும், அவற்றுக்கு மேல் ஏழு மணிகளையும் சேர்த்தால் இவ்வெண் வரும். வினாடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கினால் எண்ணி முடிக்க நான்கரை இலட்சங் கோடி ஆண்டுகளுக்கு மேற் செல்லும். பிரபஞ்சத்தின் வயதென இன்று கணிக்கப்படும் 1380 கோடி ஆண்டுகளைப் போல் அது முந்நூறு மடங்குக்கும் அதிகம். எனவே இவ்வெண்ணைப் பொருள்களின் தொகையாக எவருங் கண்டதில்லை, காணப்போவதுமில்லை. கண்ணாற் காணவியலாத இதனைப் பற்றி நாம் உறுதியாக ஏதேனும் அறியக்கூடுமா? அறியக்கூடுமாயின் அவ்வறிவு எவ்வகையது?

உரை

இவ்வெண்ணின் வரலாறு பதினேழாம் நூற்றாண்டிலே தொடங்குகின்றது. மாரின் மேர்சென் (1588 – 1648) என்பார் பாரிசில் வாழ்ந்த துறவி. டேக்காட், பேர்மா முதலிய பேரறிஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டு, ஐரோப்பிய அறிஞருலகின் அஞ்சல் நிலையம் போலத் திகழ்ந்தவர். 1644 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் அவர் ஒரு பட்டியலைத் தந்தார். இரண்டின் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் எண்கள் எப்பொழுது முதன்மை எண்களாகும் என்பதற்கு, 257 வரையுள்ள சுட்டிகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே தகுமென அவர் கூறினார். தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாததே முதன்மை எண். ஆகவே நம் எண்ணும் முதன்மை எண்ணென்பது மேர்சென்னின் கூற்றாகும்.

பட்டியல் இருந்தது, நிறுவல் இருக்கவில்லை. பதினைந்து, இருபது இலக்கமுடைய எண்ணொன்று முதன்மையானதா எனச் சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்ற கருத்தைத் தெரிவித்தவரும் அவரே. அங்ஙனமாயின் இருபத்தொரு இலக்க எண்ணைப் பற்றி அவர் எங்ஙனந் துணிந்தார் என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆயினும் பெயரின் பெருமை அவ்வையத்தை நெடுங்காலம் அடக்கி வைத்தது. பட்டியலிலுள்ள 31 ஆம் சுட்டிக்குரிய 2147483647 மெய்யாகவே முதன்மை எண்ணென ஓயிலர் 1772 இல் நிறுவினார். அதுவரை பெரியாரின் உரை பொய்க்கவில்லை. ஒருவர் கூற்று பல இடங்களிற் சரியாயிருப்பின் எஞ்சிய இடங்களிலுஞ் சரியாகவே இருக்குமெனக் கொள்ளுதல் மனித இயல்பு.

ஆனால் அது பொய்த்தது. 67, 257 ஆகிய இரண்டும் பட்டியலில் இருந்திருக்கக் கூடாதவை. 61, 89, 107 ஆகிய மூன்றும் இடம்பெற்றிருக்க வேண்டியவை, விடுபட்டுப் போயின. இவ்வைந்து பிழைகளும் முற்றாகத் தெளிவதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், செல்ல வேண்டியிருந்தது.

கருதல்

1876 ஆம் ஆண்டு எதுவார் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் நம் எண் முதன்மையானதன்று, அது சேர்த்தி எண்ணே என நிறுவினார். வியப்பு யாதெனில், அதனை எந்த எண் வகுக்கும் என்பதை அவர் கூறவில்லை. அவருக்கே அது தெரியாது. காரணிகள் உண்டு என்பது உறுதி; அவை யாவை என்பது இருள். இஃது எங்ஙனம் இயலும்?

லூக்காஸ் தொடக்கி வைத்து, பின்னர் 1930 களில் லெமர் என்பவர் செம்மைப்படுத்திய சோதனை முறையைச் சிறிய எண்களிற் பார்ப்போம். நான்கில் தொடங்குக. அதனை வர்க்கித்து இரண்டைக் கழிக்க. விடை சோதிக்கப்படும் எண்ணிலும் பெரிதாயின் அவ்வெண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்க. சுட்டியிலும் இரண்டு குறைந்த தடவைகள் இதனைத் திரும்பத் திரும்பச் செய்க. முடிவிற் பூச்சியம் வந்தால் எண் முதன்மையானது. வராவிடின் சேர்த்தி எண். சுட்டி 5 ஆயின் எண் 31. மூன்று தடவை செய்தல் வேண்டும். முதலில் 14, அடுத்து 194, அதன் மீதி 8, அடுத்து 62, அதன் மீதி பூச்சியம். ஆகவே 31 முதன்மை எண். சுட்டி 11 ஆயின் எண் 2047. ஒன்பது தடவை செய்யும்போது 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்பன வரிசையாகக் கிடைக்கின்றன. இறுதியில் வந்தது பூச்சியமன்று. எனவே 2047 சேர்த்தி எண். மெய்யாகவே அது 23, 89 என்பவற்றின் பெருக்கமே. ஆனால் 1736 என்ற அந்த மீதியை எவ்வளவு உற்றுநோக்கினும் 23 ஐயோ 89 ஐயோ ஆங்குக் காண முடியாது. காரணி உண்டென்னுஞ் செய்தியை அது தருகின்றது, காரணியைத் தரவில்லை.

நம் மரபில் அறிவுக்கு வாயில்களாகிய அளவைகள் பலவாறு எண்ணப்பட்டுள்ளன. மணிமேகலையில் அவை சமயவாதிகளின் கூற்றாக விரிகின்றன. சிவஞானசித்தியாரின் அளவையியற் பகுதி அவை பலவெனப் பிறர் கூறுவனவற்றைக் குறிப்பிட்டு, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடங்குமெனக் கொள்கின்றது. இம்மூன்றும் நம் எண்ணின் வரலாற்றில் தலைகீழ் வரிசையில் வந்து நிற்றல் நோக்கற்பாலது. மேர்சென் தந்தது உரை. லூக்காஸ் தந்தது கருதல். புகை கண்டார், நெருப்புண்டென்றார், நெருப்பைக் கண்டாரல்லர்.

ஆயினும் இரண்டு வேறுபாடுகளை மறத்தலாகாது. சித்தாந்திகள் அளவையாகக் கொள்ளும் உரை குற்றமற்ற முதல்வனின் மொழி. கற்றார் ஒருவரின் கூற்றெல்லாம் அந்நிலைக்கு உயர்த்தப்படுவதில்லை. மேர்சென்னின் பட்டியலை அவ்வாறு உயர்த்தியது பின்வந்தோரின் மயக்கமே. அன்றியும், புகையிலிருந்து நெருப்பைக் கருதும்போது மூடுபனியைப் புகையென மயங்கும் வாய்ப்பு எஞ்சியிருக்கும். லூக்காஸ் போன்றோரின் நிறுவலிலோ, கணக்கிற் பிழை நேராதவிடத்து, அத்தகைய வாய்ப்புக்கு இடமில்லை. அது காட்சிக்குக் காத்திராத உறுதி.

காட்சி

1903 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31 ஆந் திகதி அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் பேரெண்களின் காரணிகாணல் பற்றிய தம் ஆய்வை முன்வைத்தார். அவர் கண்ட முடிவு ஒரே வரியில் அடங்குவது:

193707721 × 761838257287 = 147573952589676412927.

இக்கூட்டத்தைப் பற்றிப் புகழ்பெற்ற கதையொன்று உண்டு. கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையை அணுகி, இரண்டின் 67 ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தாராம். பின்னர் பலகையின் மறுபுறத்தில் மேற்சொன்ன இரு எண்களையும் நீட்டிப் பெருக்கினாராம். இரு விடைகளும் ஒன்றாயின. அவையினர் எழுந்து கரகோஷஞ் செய்தனராம். இதற்கு எத்துணைக் காலம் எடுத்தது எனப் பின்னர் வினவியபோது, மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இக்கதையை நமக்குத் தந்தவர் ஈ. ரி. பெல் என்ற நூலாசிரியர். எழுதியது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின். கதைசொல்லும் வேகத்திற் பெல் உண்மையை அழகுபடுத்துபவர் என்ற குறை கணித வரலாற்றாசிரியரிடையே உண்டு. ஆகவே கோலின் மௌனமும் அவையின் ஆரவாரமும் நமக்கு உரையளவையாற் கிடைத்தவை, ஐயத்துக்குரியவை. ஆனால் அந்தப் பெருக்கம் பெல்லின் சொல்லை நம்பி நிற்பதன்று. அது வாய்ப்பாடு தெரிந்த எவர் முன்னும் இன்றும் நிற்கின்றது. கதை பொய்யாயினும் கணக்குப் பொய்யாகாது.

இதை எழுதத் துணியுமுன் விடுதி அறையில் ஓரிரவு நான் அப்பெருக்கத்தைச் செய்து பார்த்தேன். பெருக்கும் எண்ணின் ஒன்பது இலக்கங்களுள் ஒன்று பூச்சியமாதலின் எட்டு வரிகளே எழுத வேண்டும். அவற்றுள்ளும் ஏழு மும்முறையும் ஒன்று இருமுறையும் வருவதால் வெவ்வேறான வரிகள் ஐந்தே. முதன்முறை கூட்டலில் ஓரிடத்திற் பிழை நேர்ந்து விடை மாறி வந்தது. காட்சியிலுந் திரிபு உண்டென நூல்கள் கூறுவதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. இரண்டாம் முறை இருபத்தொரு இலக்கமும் வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தபோது என் உள்ளத்தில் எழுந்த நிறைவை நான் எந்த விரிவுரைக் குறிப்பிலும் அடைந்ததில்லை. பிறர் அறிந்த ஒன்றை நான் கேட்டறிந்தேன் என்ற நிலை நீங்கி, அதனை நானும் அறிந்தேன் என்ற நிலை வந்தது. எண் மாறவில்லை, என் நிலை மாறியது.

தேடலும் சரிபார்த்தலும்

இங்கே இரண்டு வினாக்கள் எழுகின்றன. முதலாவது, 1903 க்கு முன் அக்காரணிகள் எங்கே இருந்தன? பிளேட்டோவின் வழிவருவோர் அவை காலங்கடந்த உலகில் என்றும் உள்ளன என்பர். கணிதப் பொருள்கள் கட்டியெழுப்பிக் காட்டப்பட வேண்டியவை என்ற புரோவர் போன்றோரும் இவ்விடத்து வேறுபடார். ஏனெனில் முடிவுள்ள தொகையான வகுத்தல்களைச் செய்து பார்த்தாற் காரணி அகப்பட்டே தீரும். ஏழையும் ஐந்தையுங் கூட்டினாற் பன்னிரண்டு என்பது அக்கருத்துக்களைப் பகுப்பதனால் மட்டும் கிடைப்பதன்று எனக் கூறிய கான்ற், பெரிய எண்களை எடுத்துக்கொண்டால் இது மேலும் தெளிவாகும் என்றார். நம் எண் அவர் கூற்றுக்கு நல்ல சான்று. ‘இரண்டின் 67 ஆம் வலுவில் ஒன்று குறைவு’ என்ற தொடரின் பொருளை ஒருவர் முற்றாக விளங்கியிருக்கலாம். அவ்விளக்கத்திலிருந்து மட்டும் 193707721 வெளிப்படுவதில்லை. உழைப்பு வேண்டும்.

அவ்வுழைப்பின் அளவையும் நாம் மதிப்பிடலாம். இவ்வெண்ணின் ஒவ்வொரு காரணியும் 134 இன் மடங்கொன்றிலும் ஒன்று கூடியதாக அமைய வேண்டுமென்பது கணித விதி. 135, 269, 403 என அத்தகைய எண்களை வரிசையாக எடுத்துக்கொண்டால் கோல் கண்ட சிறிய காரணி 1445580 ஆவது இடத்தில் நிற்கின்றது. ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்ப்பது ஆயுளை விழுங்கும் வேலை. கோல் அவ்வாறு செய்யாது, இருபடி மீதிகளைக் கொண்டு வாய்ப்பற்ற எண்களைப் பெருந்தொகையாக விலக்கிச் சென்றார். அவ்வாறாயினும் அவர் உழைப்பு நெடியது. அதனைச் சரிபார்க்கும் நம் உழைப்போ ஒரு மணி நேரத்தினது. தேடுதல் அரிது, தேடிக் கண்டதைச் சரிபார்த்தல் எளிது. இந்த ஏற்றத்தாழ்வின்மீதே இன்றைய இரகசியக் குறியீட்டு முறைகளுட் பல கட்டப்பட்டுள்ளன. ரிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் 1977 இல் வகுத்த முறை பெருக்கல் எளிதென்பதையும் காரணிகாணல் அரிதென்பதையும் நம்பியே நிற்கின்றது.

இரண்டாவது வினாவே இக்கட்டுரையின் உயிர். சரிபார்த்தல் எளிதாயிருக்க அதனைச் செய்யாதிருத்தல் வெறுஞ் சோம்பலா, அன்றி அறக்குற்றமா?

என் குற்றமொன்றை ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். மூத்த மாணவர் ஒருவரின் குறிப்பேட்டிலிருந்து நூலொன்று வெளிவந்த ஆண்டை நான் படியெடுத்துப் பரீட்சையில் எழுதினேன். அது பிழையான ஆண்டு. பின்னர் விசாரித்தபோது எமக்கு முந்திய இரண்டு அணியினரும் அதே ஆண்டையே எழுதியிருந்தமை தெரிய வந்தது. அந்நூல் நூலகத்திலே, நாம் நாள்தோறும் கடந்து செல்லும் தட்டிலே இருந்தது. அட்டையைத் திருப்பினால் ஆண்டு தெரியும். மூன்று அணியினருள் எவரும் திருப்பவில்லை. மேர்சென்னின் பிழையை இருநூறாண்டுக்கு மேல் தாங்கியவர்களை எள்ளி நகையாட எனக்கு உரிமையில்லை. அவர்கட்காவது சரிபார்த்தல் அரிதாயிருந்தது.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறலாம். எவரும் எல்லாவற்றையுஞ் சரிபார்க்க இயலாது; மருத்துவரையும் வரைபடத்தையும் அகராதியையும் நம்பியே வாழ்கின்றோம்; நம்பிக்கையின்றி அறிவுலகே இல்லை என்பர். இம்மறுப்பு வலிமையுடையது. 2024 இல் கண்டறியப்பட்ட முதன்மை எண்ணொன்று, இரண்டின் 136279841 ஆம் வலுவிலும் ஒன்று குறைந்தது, 41024320 இலக்கங்களை உடையது. அதனை எந்த மனிதனுங் கையாற் சோதிக்க முடியாது. வெவ்வேறு கணனிகளிலும் வெவ்வேறு நிரல்களிலும் மீளச் சோதித்த பின்னரே அது அறிவிக்கப்பட்டது. அதனை ஏற்போர் யாவரும் ஒருவகையில் உரையையே ஏற்கின்றனர்.

ஆகவே உரையை ஏற்றல் குற்றமன்று. உரையாற் பெற்றதைக் காட்சியாற் பெற்றதுபோல் உரிமை பாராட்டுவதே குற்றம். நான் வேண்டுவன மூன்று. தான் ஒன்றை எவ்வாயிலால் அறிந்தான் என்பதை அறிவுடையோன் தன்னிடத்தே மறைத்தலாகாது. எளிதிற் சரிபார்க்கக் கூடியதைச் சரிபாராது பிறர்க்கு வழங்கலாகாது. தான் கூறுவதைப் பிறர் சோதிக்கும் வழியைத் திறந்து வைத்தே கூறுதல் வேண்டும். மேர்சென் தவறியது மூன்றாவதில்தான். பிழைபடுதல் மனிதர்க்கு இயல்பு. ஐந்து பிழைக்காக அப்பெரியாரைக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் வழியைக் காட்டாது முடிவை மட்டுந் தந்தமையால், பின்வந்தோர் நம்புவதையன்றி வேறெதையுஞ் செய்ய அவர் இடம் வைக்கவில்லை. கோலோ தம்மை நம்பும்படி எவரையும் கேட்கவில்லை. இரண்டு எண்களை வைத்தார். பெருக்கிப் பார்க்கும் உரிமையை எல்லார்க்கும் வழங்கினார். பேராசிரியரும் பாடசாலைச் சிறுவனும் அப்பெருக்கத்தின் முன் சமமானவர்.

கற்பித்தலின் அறமும் இதுவே எனலாம். தன்னை நம்பச் செய்பவர் ஆசிரியர். தன்னைச் சோதிக்கக் கற்பிப்பவர் பேராசிரியர். அவ்வாறே, கேட்டதை நம்புபவன் மாணவன். கேட்டதைப் பெருக்கிப் பார்ப்பவன் அறிஞனாகும் வழியில் நிற்பவன். நம் பல்கலைக்கழக வாழ்விலே வரலாறு, இனம், மொழி, சமயம் பற்றிய எத்தனையோ கூற்றுக்கள் பெரியாரின் பெயர் தாங்கி நம்மிடம் வருகின்றன. அவற்றுட் பல கணிதம்போல் நிறுவத்தக்கன அல்ல என்பது மெய்யே. ஆயினும் அவற்றுள்ளும் அட்டையைத் திருப்பினால் தெளியக் கூடியவை எண்ணில. அவற்றையேனும் திருப்பிப் பாராது மேடையில் முழங்குவோமாயின், அதனால் விளையும் தீங்கு ஓர் எண்ணைத் தவறாகச் சொல்வதனால் விளைவதைப் போன்றதாக இராது. எண்கள் பிழையான கூற்றினால் துன்புறுவதில்லை, மனிதர் துன்புறுவர்.

இக்கட்டுரையில் நான் தந்த பெருக்கத்தையும் வாசகர் என் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் ஒரு மணி நேரமும் போதும்.